ஹைப்பர்லூப்: மோட்டாரைக் குழாயில் பதிப்பதா, பெட்டியில் ஏற்றுவதா?

ஹைப்பர்லூப் என்பது காற்றைப் பெரும்பாலும் உறிஞ்சி எடுத்த நீளக் குழாய்க்குள் பயணிகள் பெட்டியை மிதக்கவிட்டு ஓட்டும் யோசனை. அதன் பேரைச் சொன்னதும் பேச்சு வேகத்துக்குப் போய்விடுகிறது. மணிக்கு 1000 கிலோமீட்டர், விமானத்துக்குச் சமம், அரை மணி நேரத்துக்குள் சென்னையிலிருந்து பெங்களூரு. அந்த வேகத்தைக் கொடுக்கும் மோட்டார் எங்கே உட்கார்ந்திருக்கும் என்று யாரும் கேட்பதில்லை. குழாய் நெடுகப் பதிக்கலாம், பெட்டியில் ஏற்றலாம், அங்கங்கே சில இடங்களில் மட்டும் வைக்கலாம். ஒரு கிலோமீட்டருக்கு என்ன செலவாகும், எத்தனை பெட்டிகளை ஓட்டலாம், நடுவழியில் கோளாறு வந்தால் உள்ளே இருப்பவர்கள் என்ன ஆவார்கள் என்பதெல்லாம் இந்த ஒரு முடிவில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது.

முதலில் காற்றை ஓரம் கட்டிவிடுவோம். குழாய் என்பதால் காற்றழுத்தத்தில் ஓடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியும் ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் தென் டெவன் ரயில்பாதையில் இசம்பார்ட் புரூனெல் 1847-இல் இதைச் செய்தார். தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு குழாய், அதற்குள் பிஸ்டன், பிஸ்டனை ரயிலோடு இணைக்கும் கைக்கு வழிவிடக் குழாயின் மேற்புறம் நீளப் பிளவு, அந்தப் பிளவை மூடத் தோல் பட்டை. தோல் கெட்டுப்போய்க் காற்று கசிந்தது. 1848-லேயே அந்த ஏற்பாட்டைக் கைவிட்டார்கள். நியூயார்க்கில் ஆல்ஃபிரட் பீச் 1870-இல் பிராட்வே சாலைக்கு அடியில் பெட்டியையே பிஸ்டனாக்கி, பெரிய விசிறியால் ஊதித் தள்ளிக் காட்டினார். அந்தச் சுரங்கத்தின் நீளம் நூறு மீட்டர்கூட இல்லை. நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு இதைச் செய்ய வேண்டுமானால் பெட்டியோடு சேர்த்து அத்தனை நீளக் காற்றையும் ஒலிவேகத்துக்குப் பக்கத்தில் தள்ள வேண்டும். குழாய்ச் சுவரோடு அந்தக் காற்று உரசுவதிலேயே ஆற்றல் தீர்ந்துவிடும். ஈலான் மஸ்க் 2013 ஆகஸ்டில் வெளியிட்ட ஹைப்பர்லூப் ஆல்பா ஆவணமும் இதே காரணத்தைச் சொல்லித்தான் காற்றுத் தள்ளலை ஒதுக்கியது.

அந்த ஆவணத்தின் பெட்டிக்கு முகப்பில் ஒரு கம்ப்ரசர் இருந்ததே என்று கேட்கலாம். அதன் முதல் வேலை வழிவிடுவது. குழாயில் மிச்சமிருக்கும் கொஞ்சக் காற்றும் பெட்டிக்கும் சுவருக்கும் இடையே புகுந்து பின்னால் போக வேண்டும். ஒரு வேகத்துக்கு மேல் அந்த இடுக்கு போதாமல் காற்று முன்னால் குவியத் தொடங்கும். கான்ட்ரோவிட்ஸ் எல்லை என்று இதைச் சொல்கிறார்கள். குவியும் காற்றை விழுங்கிப் பின்னால் அனுப்பவும், கொஞ்சத்தை அடியில் பாய்ச்சிப் பெட்டியை மிதக்க வைக்கவும்தான் அந்தக் கம்ப்ரசர். முன்னே இழுக்கும் வேலையை மின்காந்தம் செய்தது. ஸ்பெயினின் ஸெலெரோஸ் நிறுவனம் மட்டும் கம்ப்ரசரை உந்துவிசைக்கும் பயன்படுத்தும் வழியில் யோசித்தது. அதற்காகக் குழாயில் கொஞ்சம் கூடுதல் காற்றை விட்டுவைக்கவும் அவர்கள் தயாராக இருந்தார்கள். சுவாரசியமான வழிதான். ஆனால் முழு அளவில் ஓடிக் காட்டாததை இந்தத் தேர்வுக்குள் கொண்டுவர எனக்கு மனமில்லை.

ஆக, மிச்சம் லீனியர் மோட்டார். தோட்டத்து பம்ப்செட்டில் இருக்கும் த்ரீ ஃபேஸ் மோட்டாரை நீளவாக்கில் வெட்டிப் பாய் போல விரித்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். சுற்றிச் சுற்றி வந்த காந்தப்புலம் இப்போது நேராக ஓடும். காயில்கள் இருக்கும் பாதி ஸ்டேட்டர். அந்த ஓடும் புலத்தால் இழுபடும் மறுபாதி அலுமினியத் தகடாகவோ காந்த வரிசையாகவோ இருக்கலாம். தகடு என்றால் இண்டக்‌ஷன் மோட்டார். தகடு புலத்தைவிடக் கொஞ்சம் பின்தங்கியே ஓடும், அந்தப் பின்தங்கலில்தான் விசை பிறக்கிறது. காந்தம் என்றால் சிங்க்ரனஸ் மோட்டார். புலத்தோடு அச்சு அசலாகச் சேர்ந்து ஓடும், மின்சாரம் வீணாவது குறைவு. ஆனால் பெட்டி எந்த இடத்தில் இருக்கிறது என்பது மின்னோட்டத்தைக் கொடுக்கும் இன்வெர்ட்டருக்குத் துல்லியமாகத் தெரிந்தாக வேண்டும்.

எந்தப் பாதியைத் தரையில் வைப்பது, எதைப் பெட்டியில் வைப்பது? இனி பேசப்போவது முழுக்க இதைப் பற்றித்தான்.

பாதை முழுக்க ஸ்டேட்டர்

அதிவேகத்தில் நம்பகமாக ஓடிக் காட்டியது இந்த ஏற்பாடுதான். ஷாங்காயில் லாங்யாங் சாலையிலிருந்து புதோங் விமான நிலையம் வரை சுமார் 30 கிமீ ஓடும் டிரான்ஸ்ராபிட் மேக்லெவ் (காந்த விசையில் மிதந்து ஓடும் ரயில்), பயணிகளை ஏற்றிக்கொண்டே மணிக்கு 431 கிமீ தொட்ட ரயில். பாதையின் அடியில் காயில்கள் நெடுகப் பதிந்திருக்கின்றன, ரயிலில் இருப்பவை காந்தங்கள். ஜப்பானின் யமனாஷி சோதனைப் பாதையில் 2015 ஏப்ரலில் 603 கிமீ வேகம் தொட்ட எல்0 ரயிலும் இதே வகை. அதன் காந்தங்கள் மீக்கடத்திகள் (மின்தடையே இல்லாத கடத்திகள்), காயில்கள் பாதையின் பக்கச் சுவர்களில்.

இதில் பெரிய வசதி, எடை. இன்வெர்ட்டர், டிரான்ஸ்ஃபார்மர், குளிரூட்டி எல்லாம் தரையில் துணைமின் நிலையத்தில் இருக்கும். அவற்றின் எடையைப் பற்றிக் கவலையே வேண்டாம். ஏற்றம் இருக்கும் இடத்தில் கூடுதல் திறன், சமதளத்தில் குறைவு என்று இடத்துக்கு இடம் மாற்றிக் கட்டலாம். நிறுத்தும்போது கிடைக்கும் ஆற்றல் நேராக மின்கட்டமைப்புக்குத் திரும்பும், அதைச் சேமிக்கப் பெட்டியில் பேட்டரி தேவையில்லை.

பாதுகாப்புக்கும் ஒரு வாதம் சொல்வார்கள். ஒரு மின்பிரிவில், அதாவது ஒன்றாக மின்சாரம் கொடுக்கும் பாதைத் துண்டில், ஓடும் புலம் ஒன்றுதான், ஆகவே அந்தப் பிரிவுக்குள் இரண்டு ரயில்கள் வெவ்வேறு வேகத்தில் ஓடி மோத முடியாது. உண்மைதான், மோட்டாரால் ஓடும் வண்டிகளுக்கு. ஜெர்மனியின் எம்ஸ்லாண்ட் சோதனைப் பாதையில் 2006 செப்டம்பரில் டிரான்ஸ்ராபிட் மோதியது பராமரிப்பு வண்டி ஒன்றின் மேல். 23 பேர் இறந்தார்கள். எந்த மோட்டாரைத் தேர்ந்தெடுத்தாலும் கட்டுப்பாட்டு அறையின் நடைமுறைகளுக்கு மாற்று கிடையாது.

குறை என்னவென்றால் பணம். ஒவ்வொரு மீட்டருக்கும் செம்போ அலுமினியமோ சுற்றிய காயில், அடிக்கடி ஸ்விட்ச், குறிப்பிட்ட தூரத்துக்கு ஒரு துணைமின் நிலையம். ஒரு நாளில் பத்துப் பெட்டி ஓடினாலும் ஆயிரம் பெட்டி ஓடினாலும் அந்தச் செலவு அப்படியேதான் நிற்கும்.

பெட்டியில் மோட்டார்

இதைத் தலைகீழாக்கினால் பாதையில் வெறும் அலுமினியத் தகடு, காயில்களும் இன்வெர்ட்டரும் பெட்டியில். நகரப் போக்குவரத்தில் இது பழகிப்போன தொழில்நுட்பம். வான்கூவரின் ஸ்கைட்ரெயின் 1980களிலிருந்து இப்படித்தான் ஓடுகிறது, சக்கரங்கள் எடையை மட்டும் தாங்குகின்றன. ஜப்பானில் நகோயாவுக்கு அருகே 2005-இல் திறந்த லினிமோ மேக்லெவ் 8.9 கிமீ நீளம், உச்ச வேகம் 100 கிமீ. பாதை மலிவு, பராமரிப்பு எளிது, பெட்டிகள் ஒன்றையொன்று சாராமல் ஓடலாம்.

வேகம் கூடக் கூட மூன்று தொல்லைகள் வருகின்றன. முதலாவது முனை விளைவு. பெட்டி விரைந்து ஓடும்போது ஸ்டேட்டரின் முன்முனைக்கு அடியில் ஒவ்வொரு கணமும் புதிய தகடு வந்து நிற்கிறது. அதில் மின்னோட்டம் உருவாகிப் புலம் நிலைபெறுவதற்குள் பெட்டி தாண்டிவிடும், விசை குறையும். சுழலும் மோட்டாருக்கு முனையே கிடையாது என்பதால் இந்தத் தொல்லையும் கிடையாது. இரண்டாவது, இடைவெளி. சாதாரண மோட்டாரில் ஸ்டேட்டருக்கும் ரோட்டாருக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. ஓடும் வண்டியில் பத்து மில்லிமீட்டர் அளவுக்காவது விட வேண்டும், அங்கேயும் மின்சாரம் வீணாகிறது.

மூன்றாவதுதான் உண்மையான முட்டுக்கட்டை: மின்சாரம் எப்படி உள்ளே வரும்? அமெரிக்காவில் 1974-இல் பியூப்லோ சோதனை மையத்தில் லீனியர் இண்டக்‌ஷன் மோட்டார் ஆராய்ச்சி வண்டி ஒன்று மணிக்கு 411 கிமீ தொட்டது. அதற்கு மின்சாரம் தர வண்டிக்குள்ளேயே எரிவாயு டர்பைன் ஜெனரேட்டரைச் சுமந்தது. சோதனைப் பாதையின் நீளத்துக்குள் அந்த வேகத்தை எட்ட ஜெட் எஞ்சின்களையும் மாட்ட வேண்டியிருந்தது. கம்பியைத் தொட்டு மின்சாரம் எடுப்பதில் பிரான்சின் டிஜிவி அதிவேக ரயில் 2007-இல் 574.8 கிமீ வரை போனது. ஆயிரத்துக்குக் கம்பியும் அதைத் தொடும் கையான பாண்டோகிராஃபும் தாங்காது.

பேட்டரி போதாதா? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பயணிகளோடு சேர்த்துப் பெட்டி 15 டன், உச்ச வேகம் 1000 கிமீ என்று வைத்துக்கொள்வோம். அந்த வேகத்தில் பெட்டியின் இயக்க ஆற்றல் சுமார் 580 மெகாஜூல், அதாவது 160 கிலோவாட் மணி. இரண்டு மூன்று மின்சாரக் கார்களின் பேட்டரியில் அடங்கிவிடும். ஆற்றலைப் பார்த்தால் ஒன்றும் கஷ்டமில்லை என்று தோன்றும். ஆனால் அதை எவ்வளவு சீக்கிரம் வெளியே எடுக்க வேண்டும்? புவியீர்ப்பில் ஐந்தில் ஒரு பங்கு முடுக்கம் வைத்தால் உச்ச வேகம் தொட 140 விநாடி ஆகும், 19 கிமீ ஓடியிருக்கும், கடைசி விநாடிகளில் தேவைப்படும் திறன் 8 மெகாவாட்டுக்கும் மேல். தன் கொள்ளளவைப் போல் ஐந்து மடங்கு திறனைத் தொடர்ந்து தரும் பேட்டரி என்று தாராளமாகவே வைத்தாலும் 1.6 மெகாவாட் மணிக்கு மேல் வேண்டும். எடை பத்து டன்னைத் தொடும். 15 டன் பெட்டியில் பத்து டன் பேட்டரி! ஆட்களை எங்கே உட்கார வைப்பது?

முடுக்கத்தைப் பாதியாக்கினால் திறனும் பாதியாகும், பேட்டரி ஐந்து டன்னுக்கு இறங்கும். அப்போதும் பெட்டி எடையில் மூன்றில் ஒரு பங்கு அதற்கே போகிறது.

அங்கங்கே மட்டும் தள்ளுவது

மேலே போட்ட கணக்கை இன்னொரு பக்கத்திலிருந்து பாருங்கள். வேகமெடுக்கும்போதுதான் அத்தனை திறன். வேகம் வந்த பிறகு? ஆல்பா ஆவணம் சொன்ன குழாய் அழுத்தம் 100 பாஸ்கல், வெளிக் காற்றில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த மெல்லிய காற்றில் 1000 கிமீ வேகத்தில் ஓடும் பெட்டியின் மேல் விழும் காற்றுத் தடை இருநூறு நியூட்டன் அளவில்தான் இருக்கும் (இடுக்கில் காற்று திணறுவதைச் சேர்க்காமல்). அதை ஈடுகட்ட ஐம்பது அறுபது கிலோவாட் போதும், ஒரு சாதாரண கார் எஞ்சின். மோட்டாரே இல்லாமல் 100 கிமீ உருண்டாலும் வேகம் மணிக்கு 16, 17 கிமீதான் குறையும்.

ஆல்பாவின் யோசனை இதில்தான் நின்றது. ஸ்டேட்டர் மொத்த நீளத்தில் ஒரு சதவீதம் அளவுக்குத்தான், 110 கிமீக்கு ஒருமுறை மறுபடி ஒரு தள்ளு. நடுவில் பெட்டி சும்மா ஓடும். காகிதத்தில் இதைவிட மலிவான வழி கிடையாது.

ஆனால் மஸ்க் மனதில் வைத்தது காற்று மெத்தை மிதவை. பின்னால் வந்த நிறுவனங்கள் பெரும்பாலும் காந்த மிதவைக்கு மாறிவிட்டன. இங்கேதான் பல விளம்பரப் படங்கள் மௌனமாகிவிடும். பாதையில் உலோகத் தகடோ காயிலோ வைத்து, அதன் மேல் காந்தங்கள் ஓடும்போது தானாக எழும் மிதவை என்றால், தூக்கும் விசையோடு இழுத்துப் பிடிக்கும் விசையும் சேர்ந்தே வரும். தூக்கலுக்கும் இழுவைக்கும் விகிதம் 50 என்று வைத்தால், 15 டன் பெட்டிக்குக் காந்த இழுவை சுமார் 3000 நியூட்டன். காற்றுத் தடையைப் போல் பதினைந்து மடங்கு. 100 கிமீ உருண்டால் மணிக்கு 300 கிமீக்கு மேல் வேகம் போய்விடும். ஈடுகட்ட எந்நேரமும் 800 கிலோவாட் வேண்டும். ஒரு சதவீத ஸ்டேட்டர் என்ற கணக்கு அங்கேயே உடைந்துவிடுகிறது.

அதனால் ஒரு ஹைப்பர்லூப் திட்டம் முன்னால் வந்தால் நான் முதலில் கேட்பது உச்ச வேகத்தை அல்ல. உங்கள் மிதவையின் தூக்கல்–இழுவை விகிதம், நீங்கள் ஓடப்போகும் வேகத்தில், எவ்வளவு? 50 என்றால் இடைவிட்ட தள்ளலுக்கு வாய்ப்பு குறைவு. 200, 300 என்று அளந்து காட்டினால் உட்கார்ந்து பேசலாம்.

இடைவிட்ட தள்ளலில் இன்னொரு பயமும் உண்டு. ஏதோ காரணத்தால் பெட்டி ஸ்டேட்டர் இல்லாத இடத்தில் நின்றுவிட்டால்? மறுபடி கிளப்ப அங்கே எதுவும் இல்லை. ஆல்பா ஆவணமே இதற்காகப் பெட்டியில் சக்கரங்களையும் அவற்றை ஓட்டச் சிறு மின்மோட்டார்களையும் வைத்திருந்தது. ஊர்ந்தாவது அடுத்த வெளியேறும் இடத்துக்குப் போய்ச் சேரலாம். இது இல்லாத எந்த வடிவமைப்பையும் பயணிகளுக்கு ஏற்றுக்கொள்ளக் கூடாது என்பது என் கருத்து.

வெற்றிடம் சேர்க்கும் சிக்கல்

திறந்த வெளியில் ஓடும் மேக்லெவுக்கு இல்லாத இரண்டு பிரச்சினைகள் குழாய்க்குள் வருகின்றன.

ஒன்று வெப்பம். இண்டக்‌ஷன் மோட்டாரில் பின்தங்கல் ஐந்து சதவீதம் என்றால், 580 மெகாஜூல் ஏற்றும்போது சுமார் 30 மெகாஜூல் தகட்டில் சூடாக இறங்கும். தகடு பாதையில் இருந்தால் அந்தச் சூடு 19 கிமீக்குப் பரவிவிடும், கவலையில்லை. ஆல்பாவில் தகடு பெட்டியில் இருந்தது. 900 கிலோ அலுமினியம் என்றால் ஒரே ஏற்றத்தில் 35 டிகிரிக்கு மேல் சூடேறும். அதை ஆற்றக் காற்று கிட்டத்தட்ட இல்லை. அடுத்த தள்ளலில் மேலும் சூடு. பெட்டியில் இன்வெர்ட்டரும் காயிலும் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். கம்ப்ரசரின் வெப்பத்தை வாங்க ஆல்பா பெட்டி தண்ணீரைச் சுமந்தது, ஆவியையும் தொட்டியில் பிடித்துவைத்துக்கொண்டு போனது.

இன்னொன்று மின்பொறி. காற்று மெலிந்தால் மின்காப்பு கூடும் என்று தோன்றும். ஓரளவு மெலிவில் நடப்பது நேர் எதிர். காற்றில் பொறி பாய மிகக் குறைந்த மின்னழுத்தம் சுமார் 330 வோல்ட், 100 பாஸ்கலில் அது நிகழும் இடைவெளி ஏழெட்டு மில்லிமீட்டர். ஹைப்பர்லூப் தேர்ந்தெடுத்த அழுத்தமும் மோட்டாருக்கு விடும் இடைவெளியும் பொறி எளிதாகப் பாயும் இந்த இடத்திலேயே சரியாகப் போய் விழுகின்றன. ஆயிரக்கணக்கான வோல்ட்டில் ஓடும் ஸ்டேட்டரின் ஒவ்வொரு இணைப்பையும் ரெசினில் புதைத்து மூட வேண்டும். பாதை நெடுக ஸ்டேட்டர் என்றால் இப்படி மூட வேண்டிய இணைப்புகள் ஆயிரக்கணக்கில், பெட்டியில் மோட்டார் என்றால் சில நூறு. நீள ஸ்டேட்டரை விரும்பும் எனக்கே இந்த இடம் உறுத்துகிறது.

யாருக்கு எது

சோதனைக் குழாய் கட்டுபவர்களுக்குப் பதில் எளிது. தையூரில் சென்னை ஐஐடி வளாகத்தில் ரயில்வே அமைச்சகத்தின் ஆதரவோடு கட்டியிருக்கும் குழாய் 422 மீட்டர். பாதித் தூரம் வேகமெடுத்து மீதியில் நிறுத்த வேண்டுமானால், புவியீர்ப்புக்குச் சமமான முடுக்கம் கொடுத்தாலும் சுமார் 230 கிமீதான் தொட முடியும். மனிதர் வசதியாகத் தாங்கும் ஐந்தில் ஒரு பங்கு முடுக்கத்தில் சுமார் 104 கிமீ. இந்த வேகங்களில் முனை விளைவு பெரிதாகக் கடிக்காது, பேட்டரியும் தாங்கும். பெட்டியில் மோட்டாரை வைத்தால் ஒவ்வொரு மாணவர் குழுவும் பாதையைத் தொடாமல் தன் மோட்டாரை மாற்றி மாற்றிச் சோதிக்கலாம். ஸ்பேஸ்எக்ஸ் நடத்திய போட்டியில் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் குழு 2019-இல் 463 கிமீ தொட்டது சக்கரங்களை மோட்டாரால் சுழற்றித்தான். போட்டிக்கு அது போதும், ஆயிரம் கிமீ வண்டிக்கு அதிலிருந்து கற்க அதிகமில்லை.

அமெரிக்காவின் ஹைப்பர்லூப் ஒன் 2017 டிசம்பரில் நெவாடாவின் 500 மீட்டர் குழாயில் 387 கிமீ ஓட்டியது. 2020 நவம்பரில் இரண்டு பேரை ஏற்றி 172 கிமீ ஓட்டியது. 2023 முடிவில் நிறுவனமே மூடப்பட்டது. அரைக் கிலோமீட்டரில் கிடைக்கும் அனுபவத்துக்கும் நகரத்துக்கு நகரம் கட்டுவதற்கும் நடுவே உள்ள தூரத்தை அது காட்டுகிறது. சீனா ஷான்ஸி மாகாணத்தின் தாதோங்கில் 2 கிமீ குறை அழுத்தக் குழாய் கட்டி, மீக்கடத்திக் காந்தப் பெட்டியைப் பாதையிலிருந்தே உந்தும் வழியில் போவது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

இப்போது சென்னை–பெங்களூரு போன்ற 350 கிமீ பாதை. முன் சொன்ன முடுக்கத்தில் ஆரம்பத்தில் 19 கிமீ, கடைசியில் 19 கிமீ, நடுவில் 310 கிமீ சீரான ஓட்டம், மொத்தம் 23 நிமிடம். இரு முனைகளின் 40 கிமீக்கும் முழுத் திறன் ஸ்டேட்டரைத் தரையில் பதிப்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அரை நிமிடத்துக்கு ஒரு பெட்டி கிளம்பினால் ஒரு திசைக்கே சராசரியாக 19 மெகாவாட் ஓடிக்கொண்டிருக்கும். அதே நிலையத்துக்கு வந்து நிற்கும் பெட்டிகள் திருப்பித் தரும் மின்சாரம் கிளம்பும் பெட்டிகளுக்குப் போகும். பேட்டரி சுமக்கும் பெட்டியால் இந்தப் பரிமாற்றத்தைச் செய்யவே முடியாது.

நடு 310 கிமீயில்தான் விவாதம். மிதவை இழுவை அதிகமென்றால் அங்கும் ஸ்டேட்டர் வேண்டும், ஆனால் குறைந்த திறனில், துணைமின் நிலையங்களைத் தள்ளித் தள்ளி வைத்து. இழுவை குறைவென்றால் பெட்டியில் ஒரு சிறிய இண்டக்‌ஷன் மோட்டாரும் முந்நூறு கிலோவாட் அளவுக்குப் பேட்டரியும் வைத்து ஓட்டலாம், பாதையில் வெறும் தகடு. பெட்டி நின்றுபோனால் கிளப்பவும் அதே மோட்டார் உதவும். எத்தனை பெட்டி ஓடும் என்பதும் இங்கே கணக்கில் வரும். 28 பேர் பெட்டி இரண்டு நிமிடத்துக்கு ஒன்று என்றால் மணிக்கு 840 பேர். ஜப்பானின் ஷின்கான்சென் புல்லட் ரயில் ஒரே வண்டியில் 1300 பேருக்கு மேல் இருக்கை வைத்திருக்கிறது. அதோடு போட்டி போடும் அளவுக்குக் கூட்டம் வேண்டுமானால் நூற்றுக்கணக்கில் பெட்டிகள் தேவை, ஒவ்வொன்றிலும் மோட்டாரும் பேட்டரியும் என்றால் தரையில் பதிப்பதே மலிவாகிவிடும். நெரிசல் குறைந்த பாதை என்றால் தராசு மறுபக்கம் சாயும்.

சரக்குக்கு மட்டும் என்றால் விடை மாறும். பெட்டிக்குள் ஆள் இல்லை, முடுக்கத்தைத் தாராளமாகக் கூட்டலாம், 400–500 கிமீ வேகமே போதும். வேகம் பாதியானால் இயக்க ஆற்றல் கால்பங்கு. அங்கே ஆல்பாவின் இடைவிட்ட தள்ளலையே எடுத்துக்கொள்வேன். நடுவழியில் நின்றால் பின்னால் வரும் பெட்டி மெதுவாக வந்து முட்டித் தள்ளிக்கொண்டு போகும்படி முன்னும் பின்னும் இணைப்புகளை வைத்தால் போதும்.